கடைசிப் பக்கத்துக் கடைசி வரி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஊசி. முகத்துக்கு நேராக ஊசியக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ஊசி. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு என்று ஒன்று உண்டு. பரிட்சையில் பிட் அடித்தவன், விடுதியில் அடுத்தவன் மண்டையை உடைத்தவன், யாரோ எழுதியதைத் தன் பெயரில் கொடுத்தவன், எல்லோருடைய கோப்பும் அங்கேதான் வந்து விழும். மற்ற பிரிவுகளில் கோப்பை நாடா போட்டுக் கட்டுவார்கள். இவள் மட்டும் கோணி ஊசியில் நூல் கோத்துத் தைப்பாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போட்டு, மூன்று இடத்தில் துளைத்து, நூலை இழுத்து முடிச்சுப் போடுவாள். அதற்கப்புறம் ஒரு தாளை உருவ வேண்டுமென்றால் கிழித்துத்தான் உருவ வேண்டும்.

நான் அடுத்த மேஜை, தபால் பிரிவு. இருபத்திரண்டு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வயதில் மூத்தவளை அவள், இவள் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அக்காவை வேறு எப்படிச் சொல்வது? அவளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏய் தபாலு" என்றுதான் கூப்பிடுவாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிகிற சிலர் இன்னும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் யார் டப்பாவிலும் கை வைக்க மாட்டாள். நாங்கள் எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஆள் அள்ளிப் போட்டுக்கொள்வோம். அவள் தன் டப்பாவைத் திறந்து, தன் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு, தன்னுடையதை மட்டும் சாப்பிட்டு மூடுவாள். "ஒரு வாய் எடுத்துக்க அக்கா, ஒண்ணும் விஷம் வெக்கல" என்று எத்தனையோ தடவை நீட்டியிருக்கிறேன். "வேணாம்டி, யாருகிட்டயும் எதுவும் வாங்கிக்கிறதில்ல" என்பாள். அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளும் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவள்தான். அவளுடைய அப்பா இங்கே வாசல் காவலாளி. காவலாளி மகள் வேதியியல் படிக்கிறாள் என்று அந்த மனுஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாராம். கடைசி வருஷப் பரிட்சை, பதினேழாம் அறை. இவளுக்குப் பின் பெஞ்சில் வசதியான வீட்டுப் பையன் ஒருவன். கண்காணிப்பாளர் உள்ளே நுழைகிற நேரத்தில் அவன் கையிலிருந்த பிட்டைச் சுருட்டிக் காலால் இவள் பக்கம் தள்ளிவிட்டான். கண்காணிப்பாளர் இவள் செருப்புக்கடியிலிருந்து அதை எடுத்தார். "என்னோடது இல்ல சார், பின்னாடியிருந்து வந்துச்சு" என்று இவள் சொல்ல, "நான் பாத்தேன் சார், அவ மடியில இருந்துதான் விழுந்துச்சு" என்று அவன் கூசாமல் சாட்சி சொன்னான். மூன்று பேர் கமிட்டி, பத்தே நிமிஷம். இவளுக்கு நோட்டீஸ் என்று ஒன்று வரவே இல்லை. வந்ததாகக் கோப்பில் ஒரு கையெழுத்து இருந்தது, அது இவள் போட்டதில்லை. மூன்று வருஷம் பரிட்சையே எழுதக் கூடாது என்று டிபார் செய்துவிட்டார்கள்.

அந்தப் பையன் பட்டம் வாங்கினான். மேல்படிப்புக்கும் இங்கேயே சேர்ந்தான். தினமும் காலையில் அவனுடைய வண்டி வரும்போது கேட்டைத் திறந்துவிட்டு சலாம் வைத்தவர் இவளுடைய அப்பா. யார் என்று தெரிந்துதான் வைத்தார். வேலை போய்விடுமே! பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. "பிட் அடிச்ச பொண்ணு நாளைக்கு வீட்டுல என்னென்ன அடிப்பாளோ" என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டாளாம். அந்த நாக்கு அழுகிப்போக.

இதையெல்லாம்கூட அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். குரல் உடைவது அடுத்த விஷயத்துக்குத்தான். மூன்று வருஷம் முடிந்தால் கடிதம் வரும், திரும்பப் போய்ப் பரிட்சை எழுதலாம் என்று அவள் காத்திருந்தாள். அப்பாவுக்கு வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு; தபால்காரர் முதலில் கேட்டுக்குத்தான் வருவார் என்பதால் அவரே தினமும் தபால் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவளே விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனாள். அங்கிருந்த குமாஸ்தா நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "தண்டனை முடிஞ்ச முப்பது நாளுக்குள்ள குடுக்கணும்மா. இன்னைக்கு முப்பத்தாறு. உங்க பதிவு ரத்தாயிடுச்சு" என்றார். "யாருமே சொல்லலையே சார்!" "நீங்கதான் தெரிஞ்சுக்கணும்." விண்ணப்பத்தின் மேல் ஒரு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'காலம் கடந்து பெறப்பட்டது.' அந்த விதி ஒழுங்கு விதிப் புத்தகத்தின் பின்னால் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. தண்டனை உத்தரவில் அதை அச்சடிக்கிற வழக்கமே இல்லை. பாவிகள்.

அடுத்த வருஷம் அப்பா வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். வாரிசுக்கு வேலை என்று இவளைக் கூப்பிட்டார்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது, யாரும் போக விரும்பாத இந்த அறையைக் கேட்டு வாங்கினாள். வந்த முதல் வாரமே அவள் செய்த காரியம், ஒவ்வொரு டிபார் உத்தரவின் கடைசிப் பக்கத்திலும் கடைசியாக ஒரு வரி சேர்த்துத் தட்டச்சு செய்ததுதான். 'தண்டனைக் காலம் முடிந்த முப்பது நாட்களுக்குள் மறுபதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்தாகும்.' அதோடு விட மாட்டாள். உத்தரவு வாங்க வருகிறவன் எப்பேர்ப்பட்ட ரவுடியாக இருந்தாலும் உட்கார வைத்து, அந்த வரியின் மேல் விரலை வைத்து, "சத்தமா படி" என்பாள். படித்த பிறகு, "எப்ப வரணும்?" என்று கேட்பாள். அவன் சரியான தேதி சொல்லும் வரைக்கும் விட மாட்டாள். இவளைத்தான் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள்.

பின் பெஞ்சுக்காரன் பின்னாளில் பெரிய கட்டடக்காரர் ஆனார். எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற புதிய ஆய்வகக் கட்டடம் அவர் கட்டிக் கொடுத்தது. கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் அவருடைய பெயர். அக்காவின் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினால் அந்தக் கல்தான் தெரியும். "நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கயேன்" என்றேன் ஒரு நாள். "வேணாம், மறந்துடுவேன்" என்றாள்.

அப்படிப்பட்டவருடைய மகனின் கோப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் மேஜைக்கு வந்தது.

விஷயம் இதுதான். கடைசி வருஷ மாணவர்கள் இரண்டு பேர் கொடுத்த ஆய்வேடு வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. ஒருவன் கட்டடக்காரரின் மகன். இன்னொருத்தி சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மாவின் மகள். அவள்தான் என்னைப் பார்த்து எழுதினாள் என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். இல்லை, என் கணினியிலிருந்து எடுத்துக்கொண்டான் என்று அந்தப் பெண். இருவரில் ஒருவருக்கு டிபார் நிச்சயம். அக்கா அந்தக் கோப்பைக் கடைசிவரை படித்து மூடினாள். "ஏய் தபாலு," என்றாள், "அப்பனோட புத்தி அப்படியே வந்திருக்குடி."

மறுநாளே பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். நான் ஏதோ உறையில் கையெழுத்து வாங்கப் போய் அங்கேயே நின்றிருந்தேன். எங்கள் விதி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விசாரணைக்கு முன்னால் மாணவனுக்கு ஏழு முழு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளும் விசாரணை நாளும் கணக்கில் சேராது. ஒரு நாள் குறைந்தாலும் மேல்முறையீட்டில் மொத்த விசாரணையும் செல்லாமல் போகும். பெரிய இடத்துப் பிள்ளைகள் தப்பிப்பதெல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் யாரையும் விடுதலை செய்ய வேண்டியதில்லை. ஒரு நாள் குறைவாகக் கொடுத்தால் போதும், பழி குமாஸ்தா மேல்.

"ஏம்மா, விசாரணை பதினெட்டாம் தேதி" என்றார் பதிவாளர். "அந்தப் பையன் நோட்டீஸ பதினொண்ணாம் தேதி குடுத்துடு."

"பதினொண்ணுன்னா ஒரு நாள் குறையுதே சார்."

"குறையட்டுமே. உனக்கென்ன வந்துச்சு? அது செல்லலன்னா அந்தப் பொண்ணு மேல தனியா விசாரணை வெச்சுக்கலாம். சொன்னதச் செய்."

"சரிங்க சார்."

அவர் நோட்டீஸில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டார். அதுதான் வழக்கம், கொடுக்கிற அன்றைக்கு குமாஸ்தா தேதி போட்டுக்கொள்வாள். மூலையில் பென்சிலால் 11 என்று எழுதிக் காட்டினார். அதற்கப்புறம் இரண்டு நாள் கூட்டத்துக்காக வெளியூர் கிளம்பிவிட்டார்.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு அக்கா பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தாள். மையால் 10 என்று போட்டாள். "கிளம்புடி, உன் தபால் புத்தகத்த எடுத்துக்க" என்றாள். பதிவாளர் சொன்னது பதினொன்று என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வர மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது?

கட்டடக்காரரின் அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. மேஜையில் அட்டையால் செய்த குட்டிக் கட்டடங்கள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மகன் சோபாவில் கால் நீட்டிக் கிடந்தான். அக்கா நோட்டீஸை நீட்டினாள்.

"வாங்கினதுக்கு நீங்க, தம்பி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும் சார். உங்க கையாலயே இன்னைக்குத் தேதி. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"எல்லாம் தெரியும்மா. பேசியாச்சு." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க சார்."

"உங்க ஆபீஸ் காகிதத்தையெல்லாம் படிச்சுட்டு உக்காந்திருந்தா நான் எப்பம்மா பொழைக்கிறது?" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், பத்தாம் தேதியும் போட்டார். மகனைப் பார்த்து, "போடுடா" என்றார். அவனும் போட்டான். அக்காவின் முகத்தை அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசாரணைக்கு முன்பே அந்தப் பெண் ஒன்பது ஆய்வக நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பதினோரு மாசம், தேதி வாரியாக, அடித்தல் திருத்தலோடு. எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னதே அக்காதான். ஒன்பதையும் எண் போட்டுக் கோப்போடு சேர்த்துத் தைத்திருந்தாள், ஒரு தாளும் நழுவவில்லை. அவனிடம் ஒரு நோட்டும் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்து அட்டவணையில் அந்த எண் எப்படி வந்தது என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். மூன்று வருஷம் டிபார். அந்தப் பெண் மேல் குற்றம் இல்லை.

மேல்முறையீட்டில் அவர்களுடைய வக்கீல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக வந்தார். அவகாசம் ஆறு நாள்தான் என்று ஆரம்பித்தார். மேல்முறையீட்டு அதிகாரி கோப்பைத் திருப்பி, கட்டடக்காரரின் சொந்தக் கையெழுத்தையும் அவர் கையால் போட்ட தேதியையும் காட்டினார். விரல் விட்டு எண்ணினார். ஏழு நாள் முழுசாக இருந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பதிவாளர் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். "நான் பதினொண்ணுதானே சொன்னேன்?"

"கையில வேலை இல்ல சார், அதான் ஒரு நாள் முன்னாடியே குடுத்துட்டேன். வேலைய சீக்கிரம் முடிச்சது தப்பா சார்?"

அவர் கோப்பை மூடி அவள் பக்கம் தள்ளினார். தப்பு என்று சொன்னால் எதற்கு என்று எழுத வேண்டுமே!

உத்தரவு வாங்க அப்பாவும் மகனும் வந்தார்கள். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்துக் கடைசி வரி வழக்கம்போல இருந்தது. நான் முன்பே பார்த்திருந்தேன், மற்ற எழுத்தின் அளவுதான், ஒரு சுற்றுகூடச் சிறிதில்லை. ஆனால் அக்கா விரலை வைக்கவில்லை. சத்தமாகப் படி என்று சொல்லவில்லை. "முழுசா படிச்சுட்டு, 'படித்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் பேனாவை வெடுக்கென்று பிடுங்கினார். "இதுல படிக்க என்ன இருக்கு? எம்புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டாச்சு!" படித்தேன் என்று கிறுக்கினார். மகனும் அதையே எழுதினான்.

கதவுவரை போன மகன் திரும்பினான். இருபத்தொரு வயசு, அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, மூணு வருஷம் முடிஞ்சா என்ன பண்ணணும்?"

அக்காவின் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது, நான் பார்த்தேன்.

"வாடா! இவங்ககிட்டப் போய் என்ன கேள்வி உனக்கு?" என்று அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அக்கா வாயை மூடிக்கொண்டாள். பின்னாலேயே ஓடிப்போய் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது.

அந்தப் பெண் நன்றி சொல்ல அம்மாவோடு வந்தாள். காலில் விழப் போனவளை அக்கா தடுத்தாள். "உனக்காகச் செஞ்சேன்னு நெனைக்காத. எனக்காகச் செஞ்சேன். போ, போய் வேலையப் பாரு" என்றாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் புடவைத் தலைப்பு கசங்கியிருப்பதைப் பார்த்து, நீவி விட்டுவிட்டுப் போனாள்.

மூன்று வருஷம் ஓடியது. மகன் அப்பாவின் கண்ணாடி அறையில்தான் உட்கார்ந்திருந்தான் என்று கேள்வி. தண்டனை முடிந்த அன்று அக்கா நாட்காட்டியில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். மறுநாள் இன்னொன்று. பத்துப் புள்ளி, இருபது புள்ளி. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு மாசம்தான். இருபத்தாறாம் புள்ளியன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, போன் நம்பர் கோப்புலயே இருக்கு. ஒரு வார்த்த சொல்லிடலாமா? அந்தப் பையன் பாவம்."

"எனக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"அப்ப உங்க வீட்டுல போனே இல்ல."

"எங்கப்பா கேட்டுலதான நின்னாரு? தினமும் அந்த வழியாத்தான போனாங்க எல்லாரும்? வண்டிக் கண்ணாடிய எறக்கி, 'யோவ், முப்பது நாளு'ன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?" நான் என் தபால் கட்டைப் பிரிக்கப் போனேன். முப்பதாம் புள்ளி வைத்த அன்று மாலை ஐந்து மணிவரை அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

முப்பத்து நான்காம் நாள் கட்டடக்காரர் வந்தார். தலை நரைத்திருந்தது. தனியாக வந்தார். விண்ணப்பத்தை மேஜையில் வைத்து, பையன் அக்டோபர் பரிட்சை எழுத வேண்டும் என்றார். அக்கா தேதியைப் பார்த்தாள்.

"முப்பது நாளுக்குள்ள குடுத்திருக்கணும் சார். நாலு நாள் தாண்டிடுச்சு. பதிவு ரத்தாயிடுச்சு."

"என்னம்மா இது அநியாயமா இருக்கு? எங்ககிட்ட யாருமே சொல்லலையே!"

அவள் எழுந்தாள். பீரோவைத் திறந்து கோப்பை எடுத்து வந்தாள். நூல் முடிச்சு அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இந்தத் தடவை விரலை வைத்தாள். அந்த வரிக்குக் கீழேயே அவருடைய கையெழுத்தில் 'படித்தேன்' என்று இருந்தது. அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். உதடு அசைந்தது.

"எனக்கும் யாரும் சொல்லல சார்" என்றாள் அக்கா. "உங்களுக்காவது எழுதியிருந்துச்சு."

அவர் நிமிர்ந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கா? நீங்க யாரு?"

"பதினேழாம் அறை. உங்களுக்கு முன் பெஞ்சு. வாட்ச்மேன் பொண்ணு."

வெகுநேரம் யோசித்தார். நடிக்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. "எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றார்.

"அதுக்குத்தான் சார் எல்லாத்தையும் எழுதி, தெச்சு வெக்கிறது." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு முத்திரையை எடுத்தாள். மைப்பெட்டியில் ஒற்றி, அவருடைய விண்ணப்பத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். 'காலம் கடந்து பெறப்பட்டது.' இரண்டு கையாலும் எடுத்து மரியாதையாக அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, வந்த வழியே போனார்.

அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவளுக்கு உறுத்தியதா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று மதியம் அவள் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. எங்கள் வட்டத்துக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைக் கேட்காமலே என் டப்பாவில் கை வைத்து, "உப்பு கம்மிடி தபாலு" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.